கருவாட்டுக்கு அடுத்த வரி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டி ஒன்றின் மாடியில், ‘இணைய அரண்மனை’ என்ற பெயர்ப்பலகையோடு இரண்டு அறைகள் இருந்தன. முன்னறையில் இளவழகன் உட்கார்ந்து வெப்சைட் விற்றான். பின்னறையில் ஒரு ஏசி, அதன் குளிரில் ஒரு சர்வர், சர்வருக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுகுமார். மே மாதத்துத் திண்டிவனத்தில் ஸ்வெட்டர் போட்ட ஒரே ஆள் அவனாகத்தான் இருக்க வேண்டும். டீ குடிக்க இறங்கும்போது கழற்ற மறந்துவிட்டால், மூட்டை தைக்கிறவர்கள் “இன்னா சார், ஜுரமா?” என்று கரிசனத்தோடு விசாரிப்பார்கள்.

உண்மையில் ஜுரம் மாவட்டத்துக்குத்தான். 2006-ஆம் வருஷம் அது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட், ரைஸ் மில்லுக்கு வெப்சைட், தலைவருக்கு வெப்சைட், தலைவராகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறவருக்கும் வெப்சைட். யாராவது பார்க்கிறார்களா என்பது யாருக்கும் கவலையில்லை. விசிட்டிங் கார்டின் அடியில் மூன்று டபிள்யூ இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இத்தனை பேரையும் அந்த ஒரு சர்வர்தான் சுமந்தது. சர்வரை அமெரிக்காவில் வாடகைக்கு எடுத்தால் செலவு குறையும் என்று சுகுமார் ஆரம்பத்திலேயே சொன்னான். இளவழகன் கேட்கவில்லை. அவன் சுகுமாருடைய மனைவியின் தம்பி. வியாபாரத்தில் பாதிப் பங்குக்காரன்.

“அமெரிக்காவுல கீற மிஷினுக்கு யாரு மாமா மாலை போடறது?” என்றான்.

அவன் சொன்னது சரிதான். பணம் கட்டியவர்கள் குடும்பத்தோடு வந்து, கண்ணாடிக் கதவு வழியாகத் தங்கள் வெப்சைட் இருக்கிற பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுவது துக்க வீடு மாதிரி இருக்கிறதென்று ஒரு ரைஸ் மில்காரர் முகம் சுளித்தார். அன்றே இளவழகன் திரை முழுக்க ஒரு தாமரைப் படத்தை ஏற்றி, சர்வரைக் கிளப்ப ஒரு பொத்தானையும் வைத்துவிட்டான். அமுக்கினால் தாமரை விரியும், கீழே ‘வணக்கம்’ என்று வரும். கிளம்பும்போது சர்வர் முணுமுணுக்கிற எதுவும் வெளியே தெரியாது.

வந்தவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. பந்தியில் உட்காருவதற்கு முன்னால் பக்கத்து இலையில் யார் என்று பார்ப்பது போல, “இந்த மிஷின்ல இன்னும் யார் யாருங்க இருக்காங்க?” என்பார்கள்.

“யாரு இருந்தா என்னங்க? உங்களுக்கு எல்லாமே தனி” என்பான் இளவழகன்.

அதில் பொய் இல்லை. சுகுமார் ஒவ்வொருவருக்கும் தனி ஃபோல்டர், தனி பாஸ்வேர்டு வைத்தான். வந்து பார்த்தவர்களைக் குறித்துவைக்கத் தனி லாக் ஃபைல், கோளாறுகளைக் குறித்துவைக்க இன்னொரு தனி லாக் ஃபைல். பெரிய மனிதர்கள் என்றால் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று, பாட்டைக் கேட்டவர்களுக்கு ஒன்று. ஒருவர் பதிவில் இன்னொருவர் நிழல் விழாது.

இந்த அரண்மனைக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை அம்சவள்ளி வந்தாள். மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பெண்கள் குழு நடத்துகிறவள். ஒயர்கூடையை மேஜைமேல் வைத்ததும் அறையின் வாசனையே மாறிப்போனது.

“கருவாட்டுக்கு ஒரு வெப்சைட்டு வோணும்” என்றாள்.

இளவழகன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினான். “கருவாட்டுக்கா? இன்னாக்கா, கருவாட்டைப் போய் யாரு கம்ப்யூட்டர்ல பாப்பாங்க?”

“பினாங்குக்காரரு பாப்பாராம். கடை வெச்சிக்கீறாரு. நேர்ல வந்து பாருய்யான்னா வர மாட்டேங்கிறாரு, கம்ப்யூட்டர்ல பாத்தாத்தான் நம்புவேங்கிறாரு. புதங்கெழமை காலைல பாக்கறேன்னுகீறாரு. இல்லாங்காட்டி அன்னைக்கே வேற ஆளுகிட்ட எடுத்துக்குவாராம்.”

பின்னறையிலிருந்து சுகுமார் எட்டிப் பார்த்தான். அவனுக்கு எதையும் குடைந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் வியாதி உண்டு. கருவாட்டில் என்ன விசேஷம் என்று கேட்டான்.

“எல்லாரும் மணல்ல காயவெக்கிறாங்க. நாங்க பரண் கட்டி, மேல வலை போட்டுக் காயவெக்கிறோம். கடிச்சா பல்லுல மண்ணு நறநறங்காது. கடிச்சித்தான் பாரேன் தம்பி.”

கடித்துப் பார்த்தான். நறநறக்கவில்லை. “புதன்கிழமைக்குள்ள போட்டுடலாம்க்கா” என்றான். இளவழகன் ஊதுவத்தி தேட ஆரம்பித்தான்.

சனிக்கிழமை காலை கருவாட்டு வெப்சைட்டைச் சேர்த்துவிட்டுச் சுகுமார் பொத்தானை அமுக்கினான். தாமரை விரிந்தது. வணக்கம் வந்தது. சர்வர் மட்டும் வரவில்லை. கல்யாண மண்டபம், ரைஸ் மில், தலைவர்கள், வருங்காலத் தலைவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இணையத்திலிருந்து காணாமல் போனார்கள். கருவாட்டை எடுத்துவிட்டு அமுக்கினான். எல்லாரும் திரும்பி வந்தார்கள். மறுபடி சேர்த்தான், மறுபடி விழுந்தது. எடுத்தான், எழுந்தது.

“பாத்தியா மாமா!” என்றான் இளவழகன், மர்மத்தைக் கண்டுபிடித்துவிட்ட குரலில். “சேரலை. அதுக்குக் கருவாடு சேரலை.”

“அது இன்னா வயிறாடா, சேர்றதுக்கும் சேராததுக்கும்?”

இளவழகன் அதோடு விட்டிருக்கலாம். வெப்சைட் ஏன் வரவில்லை என்று திட்டியவர்களிடமெல்லாம், பழியிலிருந்து தப்பிக்க, “கருவாட்டு சைட்டு ஒண்ணு உள்ள வந்துடுச்சிங்க, அதான்” என்று சொல்லிவைத்தான். மறுநாளே சைவ ஓட்டல்காரர் மாடியேறி வந்துவிட்டார். “எங்க சைட்டுல இட்லிப் படம் இருக்குய்யா! அதுக்குப் பக்கத்துல கொண்டாந்து கருவாட்டைத் தொங்கவுட்டா நான் எப்பிடி யாவாரம் பண்றது?” என்று உண்மையான வேதனையோடு கேட்டார்.

திங்கட்கிழமை விழுப்புரத்திலிருந்து கல்விப் பேரொளி வல்லரசு வந்தார்.

வல்லரசு இரண்டு கல்லூரிகளும் ஒரு பள்ளிக்கூடமும் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்சைட், அறக்கட்டளைக்கு ஒன்று, கவிதைகளுக்கு ஒன்று, ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒன்று. ‘கல்விப் பேரொளி’ பட்டத்தை அவருக்கு வழங்கிய மன்றத்தின் புரவலரும் அவரே. அதற்கும் ஒரு வெப்சைட் உண்டு. பேசும்போது எதிரில் ஒருவர் இருந்தாலும் ஒரு மைதானமே இருப்பது போலப் பேசுவார். கூட வந்த உதவியாளர் சீனுவாசன், ஐயா மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் தலையாட்டுவார்.

“தம்பி சுகுமார், நான் உணவு எதையும் குறை சொல்பவன் அல்லன். ஆனால் அறிவு உறையும் இடம் வேறு, அயிரை உலரும் இடம் வேறு.”

“அயிரை ஆத்து மீனுங்க. இது வாளை, நெத்திலி…”

“மீன் எதுவாயினும் ஆகுக! புதன்கிழமை காலை நானே நேரில் வருவேன். அப்போது அது இங்கே இருக்கக்கூடாது. இருந்தால் என் நிறுவனங்கள் அனைத்தும் இங்கிருந்து வெளியேறும்.”

“அனைத்தும்” என்றார் சீனுவாசன்.

கார் கிளம்பியதும் இளவழகன் கெஞ்சினான். “மாமா, அந்தக்காவுக்குப் பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாம். பெரிய மனுசன் போனா மத்தவங்களும் பின்னாடியே போயிடுவாங்க. எதுக்கு மாமா இந்தப் பேஜாரு?”

அம்சவள்ளியின் பரண் சுகுமாரின் மனதில் இருந்ததுதான், ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. கருவாட்டு வெப்சைட் என்பது நான்கு படமும் ஒரு ஃபோன் நம்பரும். வல்லரசு பட்டமளிப்பு அங்கியில் நிற்கும் ஒரே ஒரு படம் அதைப்போலப் பல மடங்கு கனம். யானையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெட்டி, எறும்பு ஏறியதும் எப்படி விழும்?

செவ்வாய்க்கிழமை காலை கருவாடு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு வெப்சைட்டைச் சேர்த்தான். படமில்லை, எழுத்தில்லை, வெறும் வெள்ளை. பொத்தானை அமுக்கினான். தாமரை விரிந்தது, சர்வர் விழுந்தது.

“இப்ப இன்னா சொல்ற மாப்ள? காலி எலைக்கு ஏதுடா வாடை?”

“அந்த எடத்துல முன்னாடி கருவாடு இருந்திச்சில்ல மாமா?” என்றான் இளவழகன் யோசனையோடு.

சுகுமார் அவனை முன்னறைக்கு அனுப்பிவிட்டு அடுத்த பரீட்சையில் இறங்கினான். கருவாட்டை உள்ளே வைத்துவிட்டு வேறு யாரையாவது வெளியே எடுத்தால் என்ன ஆகும்? யாரை எடுப்பது? சைவ ஓட்டலை எடுத்தால் பாவம், ஓட்டலுக்கு வழி கேட்கிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். ரைஸ் மில்லுக்கு லாரிக்காரர்கள். பட்டியலில் மேலும் கீழும் போய்விட்டு, வல்லரசுவின் பிறந்தநாள் வெப்சைட்டில் வந்து நின்றான். அதில் வாழ்த்துப்பா, மேடைப் படம், லட்சங்களில் ஓடும் வருகையாளர் கவுண்டர். அதை எடுத்தான். கருவாட்டைச் சேர்த்தான். அமுக்கினான்.

சர்வர் விழாமல் நின்றது. கருவாடும் கல்லூரிகளும் இட்லியும் ஒன்றாக, ஒரு குறையுமில்லாமல் நின்றன.

ஐயா பிறந்தநாளைக் காணோம் என்று ஃபோன் வரப்போகிறதென்று காத்திருந்தான். வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மணி அடித்தது. சீனுவாசன்.

“தம்பி, ஐயாவோட பிறந்தநாள் சைட்டு இருக்குதில்ல…”

“இருக்குதுங்க.”

“இன்னிக்கு அதுல கூட்டம் தாங்கல. கவுண்டரைக் கொஞ்சம் ஏத்திவுடுங்க, ஐயா சந்தோசப்படுவாரு.”

“நீங்க பாத்தீங்களா?”

“இன்னா தம்பி இப்பிடிக் கேக்கறீங்க? காலைலேர்ந்து அதைத்தானே பாத்துக்கினு கீறேன்!”

காலையிலிருந்து இல்லாத வெப்சைட்டில் கூட்டம் அலைமோதுவதைக் கேட்டு ஃபோனை வைத்த சுகுமாருக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. பிறந்தநாளை இப்படியே வெளியே விட்டுவிட்டால் கருவாடும் பிழைக்கும், தானும் பிழைக்கலாம். பார்க்க ஆளில்லாதது காணாமல் போனால் யார் தேடப்போகிறார்கள்? ஆனால் அடுத்த வாரம் இளவழகன் இன்னொரு வருங்காலத் தலைவரைப் பிடித்து வருவான். அப்போது யாரை எடுப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வர் ஏன் விழுகிறது என்பது தெரியாமல் அவனுக்குத் தூக்கம் பிடிக்காது.

பிறந்தநாளைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டலை எடுத்துப் பார்த்தான். நின்றது. ஓட்டலை வைத்துவிட்டு மில்லை எடுத்தான். நின்றது. யாரை எடுத்தாலும் நின்றது. யாராவது ஒருவர் கூடினால் விழுந்தது. ஆக, அதற்கு ஆள் முக்கியமில்லை, எத்தனை தலைக்கட்டு என்பதுதான் கணக்கு. ஆனால் எதன் கணக்கு? மெமரியில் இடம் இருந்தது. டிஸ்க்கிலும் இருந்தது.

“உனக்கு இன்னாதான் வோணும்?” என்று வாய்விட்டே கேட்டான். தாமரை பதில் சொல்லாமல் சிரித்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் கேள்வியைப் படத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். சர்வர் பேசுவதைத்தான் மச்சான் மூடி வைத்திருக்கிறானே!

பொத்தானை விட்டுவிட்டு, பழைய கறுப்புத் திரையைத் திறந்து, கருவாட்டையும் சேர்த்து, கையாலேயே கட்டளையை அடித்தான். சர்வர் விழுந்தது. விழும்போது ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு விழுந்தது: திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள் மிக அதிகம், இன்னொரு லாக் ஃபைலைத் திறக்க முடியவில்லை.

சுகுமார் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டான். சர்வர் கிளம்பும்போதே எல்லாருடைய லாக் ஃபைல்களையும் திறந்து கையில் வைத்துக்கொள்ளும். யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் உடனே குறிக்க வேண்டுமே. அந்தப் பழைய சிஸ்டத்தில் ஒரே நேரத்தில் இத்தனை ஃபைல்தான் திறந்திருக்கலாம் என்று ஒரு வரம்பு. ஒவ்வொருவருக்கும் தனி, பெரிய மனிதர்களுக்குத் தனியிலும் தனி என்று திறக்க வைத்து, வரம்பின் விளிம்பு வரை கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றது அம்சவள்ளியின் கருவாடு. வேறு யார் வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். வல்லரசுவின் அடுத்த கவிதைத் தொகுப்பு வந்திருந்தாலும்.

வரம்பை உயர்த்த வேண்டுமானால் சிஸ்டத்தையே புதிதாகக் கட்ட வேண்டும். விடிந்தால் புதன். அதற்குள் முடிகிற வழி ஒன்றுதான் இருந்தது.

“எல்லாருக்கும் ஒரே லாக் ஃபைல்” என்றான் இளவழகனிடம். “ஒவ்வொரு வரிக்கும் முன்னால எந்த சைட்டுன்னு பேரு இருக்கும். அவங்கவங்க கணக்கு வோணும்னா அப்பறமாப் பிரிச்சிக் குடுத்துக்கலாம்.”

இளவழகனுக்குச் சர்வரின் உள்விவகாரம் தெரியாதுதான். ஆனால் விஷயத்தின் விபரீதம் அவனுக்குச் சட்டென்று புரிந்தது. “அப்ப ஐயா பேரு… கருவாட்டுக்கு அடுத்த வரியிலயா வரும்?”

“யாரு முன்னாடி வர்றாங்களோ அவங்க முன்னாடி.”

“மாமா, நான் தனித்தனின்னு எல்லாருக்கும் வாக்குக் குடுத்துக்கீறேன்!”

“அந்த வாக்குலதாண்டா மிஷினு விழுந்துக்கினு கீது.”

சாயங்காலத்துக்குள் தனித்தனி லாக் ஃபைல்களை எல்லாம் மூடி, ஒன்றாக்கினான். கருவாட்டைச் சேர்த்தான். கட்டளையை அடித்தான். சர்வர் நின்றது. சந்தேகம் தீர இன்னும் பத்து வெற்று வெப்சைட்டுகளைச் சேர்த்தான். அப்போதும் நின்றது.

புதன்கிழமை காலை வல்லரசு சொன்னபடி வந்தார். கண்ணாடிக் கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, “அகன்றதா?” என்றார்.

“இல்லீங்க. இருக்குது” என்றான் சுகுமார். இளவழகன் முன்னறையிலேயே நின்றுகொண்டான். “கோளாறு கருவாட்டுல இல்லீங்க ஐயா. உங்க எல்லா சைட்டும் நல்லா நிக்கிது. நீங்களே பாருங்க.” கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருந்த பொது லாக் ஃபைலைக் காட்டினான். “யாரு எந்த சைட்டைப் பாத்தாலும் அந்த நிமிஷமே இதுல ஒரு வரி ஏறும்.”

வெளியேறுகிறேன் என்று சொல்லத்தான் வல்லரசு வாயைத் திறந்தார். ஆனால் கண் திரைக்குப் போய்விட்டது. ஒரு வரி ஏறியது. ஓட்டல். இன்னொன்று. ரைஸ் மில். மறுபடி ஓட்டல். கல்யாண மண்டபம்.

“இதில் நாம் எங்கே?” என்றார்.

“வருவீங்கய்யா. யாராச்சும் பாக்கணும்.”

கல்விப் பேரொளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏசி உறுமியது. ஓட்டல். மில். மில். வல்லரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஓட்டல். தன் லட்சக்கணக்கான வருகையாளர்களில் ஒருவருக்காக அவர் அவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பதைப் பார்க்கச் சுகுமாருக்கே சங்கடமாகிவிட்டது. கேலி செய்ய நினைத்ததெல்லாம் மறந்து, ஒருவராவது வந்து தொலையக்கூடாதா என்று நினைத்தான்.

சீனுவாசன் மெதுவாக நழுவி மாடிப்படிக்குப் போனார். அங்கிருந்து, செல்ஃபோனில் கல்லூரியோடு பேசும் கிசுகிசுப்பு கேட்டது: “லேப்ல எத்தினி பசங்க கீறாங்க? எல்லாரையும் ஐயா சைட்டைத் தொறக்கச் சொல்லு. ஜல்தி! பாடம் கெடக்குது…”

சற்று நேரத்தில் திரை பொங்கியது. வல்லரசு, வல்லரசு, வல்லரசு என்று வரிமேல் வரி விழுந்தது. அவர் முகமும் மலர்ந்தது. இத்தனை பேர் ஒரே இடத்திலிருந்து, ஒரே நொடியில் ஏன் வருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. சுகுமாரும் சொல்லவில்லை.

“பார்த்தீர்களா! மக்கள்… மக்கள்…”

“மக்கள்” என்றார் மூச்சிரைக்கத் திரும்பி வந்த சீனுவாசன்.

அந்த மக்கள் வெள்ளத்துக்கு நடுவில் வேறொரு வரி ஏறியது. தலையில் கருவாட்டின் பெயர். முகவரியின் வாலில் மலேசியா. அடுத்தடுத்து நான்கு வரி, நான்கு படத்துக்கு. மேலேயும் கீழேயும் வல்லரசு.

வல்லரசு அதன்மேல் விரலை வைத்தார்.

“இவர் யாரோ, என்னைக் காண வந்த நெரிசலில் வழி தவறிவிட்டார் போலும்” என்றார் வல்லரசு பெருந்தன்மையோடு. “போகட்டும். இருந்துவிட்டுப் போகட்டும்.”

ஃபோன் அடித்தது. அம்சவள்ளி.

“தம்பி, பாத்துட்டாராம்! பரணு நெசமாவே இருக்குதா, இல்ல படத்துக்குக் கட்னதான்னு கேக்கறாரு. ஆளை அனுப்பிப் பாருன்னுட்டேன். மொத மாதிரிக்கு நெத்திலி அனுப்பச் சொல்லிட்டாரு. சைட்டு நிக்குமில்ல? மறுபடியும் வுழுந்து கிழுந்து பூடாதே?”

“நிக்கும்க்கா.”

“இன்னாதான் கோளாறாம் அதுக்கு?”

சுகுமார் திரையைப் பார்த்தான். லேபில் பாடம் திரும்பத் தொடங்கிவிட்டது போல. வல்லரசு ஒன்று, ஓட்டல் ஒன்று, கருவாடு ஒன்று என்று வரிகள் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தன.

“ஒண்ணுமில்லக்கா, உக்காற வெச்ச மொறை சரியில்ல” என்றான்.

முன்னறையில் யாரோ ஒரு புதிய வாடிக்கையாளர், இந்த மிஷினில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். “உங்களுக்கு எல்லாமே…” என்று ஆரம்பித்த இளவழகன், கண்ணாடிக் கதவு வழியாக மாமனின் பார்வையைப் பார்த்துவிட்டான்.

“கல்விப் பேரொளியே இங்கதாங்க கீறாரு,” என்றான். “கருவாட்டுக்குப் பக்கத்துல.”